பக்கத்து சீட்டில் வில்லன்

விமானத்தில் நடக்கும் திரில்லர் என்றாலே நம் மனதில் வருவது கடத்தல்தான். ஒருவன் துப்பாக்கியோடு எழுந்து நிற்பான், பயணிகள் அலறுவார்கள், விமானம் வேறு ஏதோ நாட்டுப் பக்கம் திரும்பும். 2005 ஆகஸ்டில் வெளிவந்த 'ரெட் ஐ' என்ற ஹாலிவுட் படத்தில் இதில் ஒன்றுமே கிடையாது. விமானம் டல்லாஸில் கிளம்பி, டிக்கெட்டில் போட்டிருக்கிறபடி மியாமிக்கே போய்ச் சேருகிறது. விமானிகளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. பயணிகளில் பாதிப் பேர் தூங்குகிறார்கள். ஜன்னலோரத்தில் ஒரு பெண், அவளுக்கும் நடைவழிக்கும் நடுவில் ஒருவன். அவ்வளவுதான் படம்.

இயக்கியவர் வெஸ் கிரேவன். 1984-இல் கனவுக்குள் புகுந்து கொல்லும் ஃப்ரெடி க்ரூகரையும், 1996-இல் 'ஸ்க்ரீம்' படத்தின் முகமூடிக் கொலைகாரனையும் திரைக்குக் கொண்டுவந்தவர். ரத்தத்துக்குப் பேர்போன அந்த மனிதர், ரத்தம் அதிகம் சிந்தாத, 85 நிமிடமே ஓடுகிற ஒரு படத்தை எடுத்தார். செலவு சுமார் 2.6 கோடி டாலர். உலகம் முழுக்க வசூல் 9.5 கோடி டாலருக்கு மேல். லாபமான படம்தான். ஆனால் இருபது வருடம் கழித்தும் இதைப் பற்றிப் பேச வைப்பது வசூல் அல்ல. ஒரு விமானத்தைக் கடத்தாமல், அதில் இருக்கும் ஒரே ஒரு ஆளை மட்டும் எப்படிக் கடத்துவது என்பதற்கு இந்தப் படம் கண்டுபிடித்த வழி. அதைச் சொல்ல வேண்டுமானால் கதையை முழுக்கச் சொல்லியாக வேண்டும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

முதலில் தலைப்பு. ரெட் ஐ என்றதும் நம் ஊர்க்காரருக்கு மெட்ராஸ் ஐதான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் அது இரவு விமானத்துக்கான பட்டப்பெயர். லாஸ் ஏஞ்சலஸில் ராத்திரி பதினோரு மணி வாக்கில் ஏறினால் ஐந்து மணி நேரப் பறப்பு, மூன்று மணி நேரக் கடிகார வித்தியாசம். நியூயார்க்கில் இறங்கும்போது காலை ஏழாகிவிடும். தூக்கம் பாதி, வேலைக்குப் போகிற அவசரம் பாதி, கண் சிவந்திருக்கும். ராத்திரி முழுக்கச் சும்மா தரையில் நிற்கும் விமானத்தால் கம்பெனிக்கு ஒரு காசு வருமானம் இல்லை என்பதால் இந்தச் சேவை அவர்களுக்கும் வசதி.

இந்தக் கணக்கில் பார்த்தால் டல்லாஸ் டு மியாமி அரைகுறை ரெட் ஐதான். தூரம் சுமார் 1,800 கிலோமீட்டர், பறக்கும் நேரம் மூன்று மணிக்கும் குறைவு, கடிகார வித்தியாசம் ஒரே ஒரு மணி. நன்றாகத் தூங்கி எழக்கூட நேரம் போதாது. திரைக்கதைக்கு இந்தக் குட்டை தூரம்தான் தேவைப்பட்டிருக்கிறது. வில்லனுக்கும் கெடு இருக்கிறது, அவளுக்கும் கெடு இருக்கிறது. இரண்டுமே நமக்குத் தெரிந்த கடிகாரத்துக்குள் அடங்குகின்றன. லண்டனிலிருந்து சிட்னிக்குப் போகிற விமானத்தில் இந்தக் கதையை வைத்திருந்தால் நடுவில் இரண்டு தடவை சாப்பாடு பரிமாற வேண்டியிருக்கும்.

கதை இது. லிசா ரைசர்ட் மியாமியில் ஒரு பெரிய கடற்கரை ஹோட்டலின் மேலாளர். பாட்டியின் இறுதிச் சடங்குக்கு டெக்சாஸ் வந்துவிட்டு ஊர் திரும்புகிறாள். மோசமான வானிலையால் விமானம் தாமதம். செக்-இன் வரிசையில் ஒருவன் அறிமுகமாகிறான். கனிவாகப் பேசுகிறான், பாரில் ஒரு பானம் வாங்கிக் கொடுக்கிறான். பெயர் ஜாக்சன் ரிப்னர். லண்டனின் பழைய கொலைகாரன் ஜாக் தி ரிப்பரை நினைவூட்டும் பெயர் என்பதை வைத்து ஒரு கேலிப் பேச்சும் நடக்கிறது. விமானத்தில் ஏறினால் பக்கத்து சீட்டும் அவனுடையதே. தற்செயல் என்று அவள் நினைக்கிறாள். விமானம் மேலே ஏறிய பிறகு, தான் வந்திருப்பதே அவளுக்காகத்தான் என்கிறான்.

அவனுக்கு வேண்டியது ஒரு போன் கால். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் துணைச் செயலர் குடும்பத்தோடு அவளுடைய ஹோட்டலுக்கு வருகிறார். வழக்கமான அறையை மாற்றி, கடலைப் பார்த்த வேறொரு அறையை அவருக்குக் கொடுக்கும்படி அவள் ஹோட்டலுக்கு போன் செய்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மியாமியில் அவள் அப்பா வீட்டு வாசலில் காரில் காத்திருக்கும் ஆள் வேலையை முடித்துவிடுவான். அப்பாவின் பர்ஸையே எடுத்துக் காட்டுகிறான்.

இந்தக் கதை ஏன் 2005-இல் இப்படி எழுதப்பட்டது என்று புரிய, அதற்கு நான்கு வருடம் பின்னால் போக வேண்டும். 2001 செப்டம்பர் 11 வரை விமானக் கடத்தல் என்பது பேரம். கேட்டதைக் கொடுத்தால் பயணிகளை விட்டுவிடுவார்கள் என்ற எண்ணம் விமானிகளுக்கும் இருந்தது, சினிமாக்காரர்களுக்கும் இருந்தது. அன்றோடு அது போயிற்று. அந்த நவம்பரிலேயே போக்குவரத்துப் பாதுகாப்புக்கென்று அமெரிக்காவில் தனி அமைப்பு வந்தது. 2003-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை இயங்கத் தொடங்கியது. அதே வருடம் ஏப்ரலுக்குள் விமானி அறைக் கதவுகளைப் பலப்படுத்தியாக வேண்டும் என்று கெடு வைத்தார்கள். சின்னக் கத்தரிக்கோலைக்கூடக் கைப்பையில் கொண்டுபோக விடவில்லை; அதை மறுபடி அனுமதித்ததே 2005 டிசம்பரில்தான், இந்தப் படம் வந்து நான்கு மாதம் கழித்து.

சரி, இப்போது நீங்கள் ஒரு திரைக்கதை எழுத்தாளர். விமானத்தில் திரில்லர் எழுத வேண்டும். துப்பாக்கி கிடையாது, கத்தி கிடையாது, விமானி அறைக்குள் நுழைய முடியாது. யாராவது எழுந்து நின்று மிரட்டினால் பத்துப் பேர் மேலே பாய்ந்து அமுக்கிவிடுவார்கள். மக்களின் மனநிலை அப்படி மாறியிருந்தது. பழைய கடத்தல் கதையை இனி நம்பும்படி எழுத முடியாது. கார்ல் எல்ஸ்வொர்த் எழுதிய இந்தத் திரைக்கதை, பாதுகாப்புச் சோதனை எதையெல்லாம் பிடிக்காதோ அதை வைத்தே வில்லனை உருவாக்குகிறது. எந்த எக்ஸ்ரே இயந்திரத்திலும் மாட்டாத ஆயுதம், பேச்சு.

இதில் ஒரு குத்தலும் ஒளிந்திருக்கிறது. கொல்லப்பட வேண்டியவர் யார்? அந்தச் சோதனைகளையெல்லாம் நிர்வகிக்கும் துறையின் பெரிய அதிகாரி. ஷூவைக் கழற்றச் சொல்லி, பையைக் கொட்டிப் பார்க்கிற ஏற்பாட்டின் நடுவிலேயே அவரைக் கொல்லும் திட்டம் சிரித்த முகத்தோடு நடந்து போய் சீட் பெல்ட் போட்டுக்கொள்கிறது. படம் இதைப் பற்றிப் பிரசங்கம் எதுவும் செய்வதில்லை.

அடுத்து, ராத்திரி. பகல் விமானத்தில் இந்தக் கதை நடக்காது. ஏன் என்று விமானத்தின் உட்புறத்தை யோசித்தால் தெரியும். பறக்கும்போது எஞ்சினும் காற்றும் சேர்ந்து எழுப்பும் இரைச்சல் 80 டெசிபல் அளவில் இருக்கும். பக்கத்து சீட்டில் கிசுகிசுப்பது காதில் விழும். முன் வரிசைக்குக் கேட்காது. விளக்கை அணைத்துவிட்டால் முகமும் தெரியாது. நூறு பேருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டே இரண்டு பேர் தனி அறையில் இருப்பது போல் ஆகிவிடுகிறது. பணியாளர்களும் குறைவு, அமெரிக்க விதிப்படி ஐம்பது சீட்டுக்கு ஒருவர் இருந்தால் போதும். அவர்களும் ராத்திரியில் கூப்பிட்டால்தான் வருவார்கள்.

படம் இந்த இருட்டை ஒரு இடத்தில் அநியாயத்துக்குச் சாமர்த்தியமாகப் பயன்படுத்துகிறது. ரிப்னர் சட்டென்று தன் தலையால் அவள் நெற்றியில் மோதி மயக்கம் போட வைக்கிறான். அடித்துப்போட்ட பெண்ணை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். இரவு விமானத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கும் பெண்ணை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? சுற்றிலும் எல்லோரும் அப்படித்தான் கிடக்கிறார்கள். குற்றத்தை மறைக்கத் தனியாக ஏற்பாடே தேவையில்லை. இந்த ஒரு காட்சிக்காகவே அந்தத் தலைப்பு தகும் என்பேன்.

தப்பிக்க அவள் செய்யும் முயற்சிகளைக் கவனித்தால் எல்லாமே தகவல் அனுப்பும் முயற்சிகள். வேறொரு பயணிக்குக் கொடுக்கும் புத்தகத்துக்குள் குறிப்பு எழுதுகிறாள். கழிப்பறைக் கண்ணாடியில் சோப்பால் எழுதுகிறாள். ஒவ்வொன்றையும் அவன் அழிக்கிறான். கழிப்பறைக்குள்ளேயே புகுந்து அவள் கழுத்தைப் பிடிக்கிறான். இருவரும் ஒன்றாக வெளியே வருவதைப் பார்க்கும் பணிப்பெண், இவர்கள் உள்ளே கூத்தடித்துவிட்டு வருகிறார்கள் என்று முடிவு கட்டி முகம் சுளிக்கிறாள். ஒரு பெண் சற்றுமுன் கழுத்து நெரிபட்டு வந்திருக்கிறாள். கிடைப்பது ஒழுக்கம் பற்றிய கண்டிப்பு. கண்ணெதிரே நடக்கிற வன்முறையை மற்றவர்கள் காதல் என்று படித்துக்கொள்கிறார்கள்.

இந்தத் தப்பான வாசிப்பைப் படம் பார்வையாளனிடமும் நடத்திப் பார்த்தது. அதன் முன்னோட்டம் காதல் நகைச்சுவைப் படம் போலவே தொடங்கும். விமான நிலையத்தில் அழகான பெண்ணும் அழகான ஆணும் சந்திக்கிறார்கள், பக்கத்துப் பக்கத்து சீட் கிடைக்கிறது. அப்புறம்தான் தொனி மாறும். நடிகர் தேர்வும் அதற்கு ஒத்துழைத்தது. ரேச்சல் மெக்காடம்ஸ் முந்தைய வருடம்தான் 'தி நோட்புக்' மூலம் காதல் நாயகியாக எல்லோருக்கும் பழகியிருந்தார். கிலியன் மர்ஃபியை அதே கோடையில் 'பேட்மேன் பிகின்ஸ்' படத்தில் வில்லனாகப் பார்த்தவர்களுக்கு அந்த நீலக் கண்களைப் பார்த்ததும் வயிற்றில் ஏதோ செய்திருக்கும், பார்க்காதவர்கள் ஏமாந்திருப்பார்கள். அவர் முகத்தில் வரும் மாற்றம் மிகச் சின்னது. சிரிப்பு அப்படியே இருக்கும், கண் மட்டும் விலகிவிடும்.

லிசா ஏன் கத்தவில்லை என்பது படத்தைப் பார்க்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி. அப்பா உயிர் என்பது கதை சொல்லும் பதில். அதற்கும் முன்னாலேயே படம் வேறொரு பதிலை வைத்திருக்கிறது: அவளுடைய வேலை. ஆரம்பக் காட்சியிலேயே அவள் காரில் போய்க்கொண்டே போனில் ஹோட்டல் பிரச்சினை ஒன்றைத் தீர்க்கிறாள். வரவேற்பு மேசையில் இருக்கும் சின்தியா என்ற இளம்பெண் தடுமாறுகிறாள். எரிந்து விழும் வாடிக்கையாளர்களை எப்படி ஆற்றுவது என்று லிசா சொல்லிக் கொடுக்கிறாள். குரலை உயர்த்தாமல் இருப்பது, எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் முகத்தை மலர வைத்துக்கொள்வது, இதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ரிப்னர் அவளைப் பல வாரமாக வேவு பார்த்துத் தெரிந்துகொண்டதும் இதைத்தான். அவன் கடத்துவது அந்தப் பழக்கத்தை.

இதற்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு வாகன நிறுத்துமிடத்தில் கத்தி முனையில் அவளுக்கு நேர்ந்த பாலியல் வன்முறையும், அதன் தழும்பும்.  இதை வசனத்தில் வெளிப்படையாகச் சொல்லும் இடம் எனக்கு நெருடலாகவே இருக்கிறது. அதுவரை முகத்திலும் தயக்கத்திலும் சொல்லப்பட்டதை விளக்கவுரை போட்டுக் காட்டியது போல. ஆனாலும் விமானம் தரையிறங்கும் நேரத்தில், பக்கத்து சீட்டில் மிரட்டிக்கொண்டிருப்பவனிடமே அவள் அதைச் சொல்ல நேர்கிறது என்பதால் காட்சி பிழைத்துக்கொள்கிறது.

இன்றைக்குப் பார்க்கும் இளைஞருக்குப் புரியாத பொருள் ஒன்று படத்தில் உண்டு: சீட்டின் முதுகில் பொருத்திய போன். கிரெடிட் கார்டைத் தேய்த்துப் பேச வேண்டும், கட்டணமோ எக்கச்சக்கம். கைபேசியை வானத்தில் பயன்படுத்த அமெரிக்க தொலைத்தொடர்பு ஆணையம் 1991-இலேயே தடை போட்டிருந்ததால் அந்த சீட் போன்தான் ஒரே வழி. செப்டம்பர் 11 அன்று பென்சில்வேனியாவில் விழுந்த யுனைடெட் 93 விமானத்திலிருந்து பயணிகள் வீட்டாரோடு பேசிய அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த சீட் போன்களிலிருந்து போனவைதான். ஆகவே 2005-இன் அமெரிக்கப் பார்வையாளருக்கு அந்தக் கருவி வெறும் வசதி அல்ல. அதன் கூடவே ஒரு துக்கமும் வந்தது. படத்தில் லிசா ஹோட்டலுக்குப் பேசும்போது புயலால் இணைப்பு அறுந்துபோகிறது. அறுந்தது தெரியாத மாதிரி அவள் பேச்சைத் தொடர்கிறாள். படத்தின் ஆகச் சிறந்த நிமிடம் இதுவாக இருக்கலாம்.

படம் வந்த அடுத்த வருடமே வெரைசன் நிறுவனம் தன் சீட் போன் சேவையை மூடிவிட்டது. இப்போது வைஃபை உண்டு. லிசா சத்தமில்லாமல் ஒரு மெசேஜ் தட்டியிருப்பாள். 2014-இல் வந்த 'நான்-ஸ்டாப்' இந்த மாற்றத்தையே கதையாக்கியது. நியூயார்க்கிலிருந்து லண்டன் போகும் இரவு விமானம், அதில் காவலுக்கு வரும் லியாம் நீசன், இருபது நிமிடத்துக்கு ஒருவரைக் கொல்வேன் என்று அவர் போனுக்கு மெசேஜ் அனுப்பும் முகம் தெரியாத ஆள். அதில் எந்த சீட்டில் வில்லன் என்பது புதிர். 'ரெட் ஐ'யில் புதிரே இல்லை. வில்லனின் தோள் அவள் தோளில் உரசிக்கொண்டிருக்கிறது.

'ரெட் ஐ' வந்து ஐந்து வாரத்தில் ஜோடி ஃபாஸ்டர் நடித்த 'ஃப்ளைட்பிளான்' வந்தது. பெர்லினிலிருந்து நியூயார்க் போகும் பிரம்மாண்டமான இரண்டடுக்கு விமானம், அதற்குள் காணாமல் போகும் குழந்தை. வசூலில் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அந்தப் படம் விமானத்தைக் கட்டடம் போல் பார்க்கிறது: ஏணி, கிடங்கு, ஒளிந்துகொள்ளும் இண்டு இடுக்கு. கிரேவனுக்கு இரண்டு சீட் போதும். ஒளிப்பதிவாளர் ராபர்ட் யோமன், வெஸ் ஆண்டர்சன் படங்களின் நேர்த்தியான சட்டகங்களுக்காக அறியப்படுகிறவர். இங்கே கேமராவை முகங்களுக்கு அருகில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார். நமக்கும் கை காலை நீட்ட இடம் கிடைப்பதில்லை.

கதவைத் திறந்தால் என்ன என்று குதர்க்கமாகக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உயரத்தில் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் அதிகம், வெளியே குறைவு. அந்த வித்தியாசம் கதவின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் ஐந்து டன்னுக்கு மேல் அழுத்துகிறது. பயில்வான் வந்தாலும் திறக்க முடியாது. 1971 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு விமானத்தைக் கடத்தி, டி.பி. கூப்பர் என்று பின்னால் பெயர் பெற்ற மனிதன் பணயமாக வாங்கிய 2 லட்சம் டாலரோடு இரவில் பாராசூட்டில் குதித்தானே என்றால், அவன் விமானத்தை 10,000 அடி உயரத்துக்குள், உள்ளழுத்தம் ஏற்றாமல் பறக்கச் சொன்னான். போயிங் 727-இன் வாலடியில் படிக்கட்டும் இருந்தது. லிசாவுக்கு அந்த வசதி இல்லை.

ஓட்டைகள் இல்லாமல் இல்லை. ஒரு அறையை மாற்ற இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? ஹோட்டலில் யாரையாவது விலைக்கு வாங்கியிருக்கலாமே? படகிலிருந்து ராக்கெட் விட்டு மாடி அறையைத் தகர்ப்பது கொலைத் திட்டமா, தீபாவளியா? நிதானமாக யோசித்தால் எதுவும் தேறாது. யோசிக்க 85 நிமிடத்தில் இடம் விடவில்லை என்பதுதான் கிரேவனின் கைத்திறமை.

பெரிய குறை விமானம் தரையிறங்கிய பிறகு வருகிறது. இறங்கி வாயிலை நெருங்கும் நேரத்தில் லிசா ஒரு பேனாவை ரிப்னரின் தொண்டையில் குத்திவிட்டு ஓடுகிறாள். பேனா! சோதனையில் யாரும் பறிக்காத பொருள். இதுவரை அவளால் எதையும் எழுதி அனுப்ப முடியவில்லை. எழுதும் கருவி வேறு விதத்தில் வேலைக்கு ஆகிறது. அதற்கப்புறம் ரிப்னரின் குரல் விசில் போலக் கீச்சிடுகிறது. பேச்சாலேயே எல்லாவற்றையும் நடத்தியவனுக்குப் பேச்சு போய்விட்டது. மிச்சம் இருப்பது கத்தியும் ஓட்டமும். அப்பாவின் வீட்டில், மாடிப்படியில், கதவுக்குப் பின்னால் என்று படம் கிரேவனின் பழைய பேட்டைக்குத் திரும்பிவிடுகிறது. நன்றாகத்தான் எடுத்திருக்கிறார், 'ஸ்க்ரீம்' எடுத்த கை அல்லவா. ஆனால் இதை வேறு எந்தப் படத்திலும் பார்க்கலாம். சீட் பெல்ட்டுக்குள் நடந்த சண்டையை வேறெங்கும் பார்க்க முடியாது.

அப்பாவைக் காப்பாற்றியாகிவிட்டது, அதிகாரியும் பிழைத்துவிட்டார், வில்லன் கதையும் முடிந்தது. அதற்குப் பிறகும் ஒரு சின்னக் காட்சி பாக்கி இருக்கிறது. லிசா தகர்ந்துபோன ஹோட்டலுக்குத் திரும்பி வருகிறாள். ஆரம்பத்தில் சின்தியாவைப் படுத்தியெடுத்த அதே வாடிக்கையாளர் தம்பதி முன்னால் வந்து நிற்கிறார்கள். இவ்வளவுக்கும் நடுவில் தங்களுக்குச் சரியான கவனிப்பு இல்லை என்று புகார், அந்தப் பெண்ணை வேலையை விட்டுத் தூக்க வேண்டுமாம். லிசா பொறுமையாகக் கேட்கிறாள். கருத்துச் சீட்டு ஒன்றை நிரப்பித் தரச் சொல்கிறாள். நிரப்பிய பிறகு அதை எங்கே செருகிக்கொள்ள வேண்டும் என்பதையும், குரலை உயர்த்தாமலே, சொல்லிவிடுகிறாள்.